இருபடிச் சரிபார்ப்பில் பூட்டிய மின்னஞ்சல் கணக்கை மீட்டல்

இருபடிச் சரிபார்ப்பில் பூட்டிய மின்னஞ்சல் கணக்கை மீட்டல் என்பது, கடவுச்சொல் சரியாக இருந்தும் இரண்டாவது அடையாளச் சோதனையைக் கடக்க முடியாமல் வெளியே நிற்கும் ஒருவர், தாமே அக்கணக்கின் உரிமையாளர் என்று சேவை நிறுவனத்துக்கு நிறுவி மீண்டும் உள்ளே நுழையும் நடைமுறையாகும். கைப்பேசி தொலைந்து போதல், சிம் அட்டை செயலிழத்தல், எண் மாறுதல், குறியீடு தரும் செயலி அழிந்து போதல் ஆகியவை இந்நிலைக்கு வழக்கமான காரணங்கள். பலருக்கு இது கடவுச்சொல்லை மறப்பதைவிடப் பெரிய தொல்லை. மறந்த கடவுச்சொல்லைக் கைப்பேசிக்கு வரும் குறியீட்டைக் கொண்டு மாற்றிக்கொள்ளலாம். இங்கே அந்தக் கைப்பேசியே இல்லை.

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள பகுதி, இச்சிக்கல் எப்படி எழுகிறது என்பதைக் காட்ட ஏற்ற இடம். அங்கு வருவோரில் பலர் வேறு நாட்டிலிருந்து, வேறு எண்ணுடன், அறிமுகமில்லாத இணைய இணைப்பில் தங்கள் கணக்கைத் திறக்க முயல்பவர்கள்.

இருபடிச் சரிபார்ப்பு

ஒரு கணக்கில் நுழைய, நினைவில் உள்ள ஒன்றும் (கடவுச்சொல்) கையில் உள்ள ஒன்றும் (கைப்பேசி, சிம், பாதுகாப்புச் சாவி) சேர்ந்து தேவைப்படும் முறையே இருபடிச் சரிபார்ப்பு. இந்தியர்களுக்கு இது மின்னஞ்சல் வழியாக அறிமுகமானதல்ல. இணையத்தில் அட்டை வழியாகப் பணம் செலுத்தும்போது கூடுதல் சரிபார்ப்பு கட்டாயம் என்ற ரிசர்வ் வங்கியின் ஆணை 2009 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு ஓடிபி என்ற சொல் வீட்டுப் பேச்சிலேயே கலந்துவிட்டது. கூகுள் நிறுவனம் 2011 பிப்ரவரியில் இவ்வசதியை எல்லா ஜிமெயில் பயனர்களுக்கும் திறந்தது. 2021இல், ஆண்டு முடிவதற்குள் மேலும் 15 கோடிக் கணக்குகளில் தானாகவே இதை இயக்கப்போவதாக அறிவித்தது. இதனால், தம் கணக்கில் இருபடிச் சரிபார்ப்பு இருப்பதே தெரியாமல் பயன்படுத்தி வந்து, கைப்பேசி தொலைந்த நாளில்தான் அதைக் கண்டுபிடிப்பவர்களும் உண்டு.

இரண்டாவது படி பல வடிவங்களில் வருகிறது. எந்த வடிவம் எதைச் சார்ந்திருக்கிறது என்று தெரிந்தால், எது தொலைந்தால் எது மிஞ்சும் என்பதும் தெரியும்.

குறுஞ்செய்திக் குறியீடு சிம்மைச் சார்ந்தது. கைப்பேசி தொலைந்தாலும் அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்கினால் குறியீடு வரும். கைப்பேசித் திரையில் “நீங்கள்தானா?” என்று கேட்கும் அறிவிப்பு, ஏற்கெனவே கணக்கில் நுழைந்துள்ள சாதனத்தையும் இணையத்தையும் சார்ந்தது, அதற்கு சிம் தேவையில்லை. கூகுள் அத்தென்டிகேட்டர் போன்ற செயலிகளுக்குச் சிக்னலும் வேண்டாம், இணையமும் வேண்டாம். கணக்கை இணைக்கும்போது கியூஆர் கோடு வழியாக ஓர் இரகசிய எண் கைப்பேசிக்குள் சேமிக்கப்படுகிறது. அந்த இரகசியத்தையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, பெரும்பாலும் 30 நொடிக்கு ஒரு முறை, 6 இலக்க எண்ணைச் செயலி உருவாக்குகிறது. சேவை நிறுவனத்தின் கணினியும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. இரண்டும் பொருந்தினால் கதவு திறக்கும். இம்முறை 2011இல் ஆர்எஃப்சி 6238 என்ற எண்ணில் பொதுத்தரமாக வெளியிடப்பட்டது. நேரத்தை நம்பியே இது இயங்குவதால், கைப்பேசிக் கடிகாரம் சில நிமிடம் தவறினாலும் குறியீடு ஏற்கப்படாது. பூட்டப்பட்டுவிட்டதாகக் கலங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது கைப்பேசியின் நேர அமைப்பு தானியங்கியாக இருக்கிறதா என்பதைத்தான். சில கணக்குகள் அந்த ஒரு மாற்றத்திலேயே திறந்துவிடும்.

இவை தவிர, பாதுகாப்புச் சாவி எனப்படும் சிறிய கருவி, பாஸ்கீ, காப்புக் குறியீடுகள் ஆகியவையும் உள்ளன. காப்புக் குறியீடு என்பது காகிதத்தில் எழுதி வைக்கக்கூடிய எண். கூகுள் ஒரு தொகுப்பில் 10 குறியீடுகளைத் தருகிறது. ஒவ்வொன்றும் 8 இலக்கம் கொண்டது, ஒரு முறை மட்டுமே செல்லும். மின்சாரமும் சிக்னலும் இல்லாமலேயே இது கையில் இருக்கும்.

ரமணாசிரமப் பகுதியில்

ரமண மகரிஷி 1896இல் திருவண்ணாமலைக்கு வந்தவர். 1922இல் அவருடைய தாயார் மறைந்த பின், மலையின் தென்புற அடிவாரத்தில் தாயின் சமாதியை ஒட்டி ஆசிரமம் உருவானது. இன்று செங்கம் சாலையில் ஆசிரமத்தையும் அடுத்துள்ள சேஷாத்ரி சுவாமிகள் ஆசிரமத்தையும் ஒட்டி விடுதிகள், வாடகை வீடுகள், உணவகங்கள், ஜெராக்ஸ் கடைகள், பயண முகவர்கள் என ஒரு தனி வட்டாரமே இயங்குகிறது. நவம்பர் முதல் மார்ச் வரையிலான குளிர்ந்த மாதங்களில் வெளிநாட்டவர் அதிகம் வருவர். சில வாரங்கள் தங்குவோரும் உண்டு, பல மாதங்கள் தங்குவோரும் உண்டு.

இவர்களுடைய பயணம் முழுவதும் மின்னஞ்சலில்தான் நிற்கிறது. ஆசிரமத்தில் தங்க முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு ஒப்புதல் பெறும் வழக்கம் உள்ளது. 2014இல் தொடங்கிய மின்விசா முறையில் அனுமதி மின்னஞ்சலுக்கு வருகிறது. நீண்டகால விசாவில் இருப்போர் செய்ய வேண்டிய பதிவும் 2018 முதல் இணையவழி ஆகிவிட்டது. விமானச் சீட்டும் வங்கி அறிவிப்பும் அங்கேயே வருகின்றன. பூட்டு விழுவதும் இந்த நேரத்தில்தான்.

அது விழும் விதம் பெரும்பாலும் ஒன்றே. வந்து இறங்கியவர், ரோமிங் கட்டணத்துக்கு அஞ்சி ஊர் சிம்மைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு இந்திய சிம் போடுகிறார். சில நாட்களில் கைப்பேசி தொலைகிறது அல்லது பழுதாகிறது. புதிய கைப்பேசியில், விடுதியின் வைஃபை வழியாகக் கணக்கைத் திறக்கிறார். நிறுவனத்தின் பார்வையில் இது புதிய நாடு, புதிய சாதனம், முன்பு கண்டிராத இணைய முகவரி. திருடன் நுழைந்தாலும் இதே அடையாளங்கள்தான் இருக்கும். எனவே குறியீடு கேட்கப்படுகிறது. அது பெட்டியில் கிடக்கும் சிம்மின் எண்ணுக்குப் போகிறது. பழைய சிம்மை மீண்டும் போட்டு ரோமிங்கை இயக்கினாலே சில நேரம் வேலை முடிந்துவிடும். பல நாட்டுச் சேவைகளில் ரோமிங்கில் குறுஞ்செய்தி பெறக் கட்டணம் இல்லை. கட்டணம் தரவுக்கும் அழைப்புக்கும்தான். இதை அறியாமல் சிம்மைத் தூக்கி எறிந்தவர்களே கூடுதல் சிரமத்துக்கு ஆளாகிறார்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. அது தாமதமாகவே வெளிப்படும். இங்கு இருக்கும்போது இந்திய எண்ணைக் கணக்கின் ஒரே சரிபார்ப்பு எண்ணாக மாற்றிவிட்டு ஊர் திரும்புபவருக்குச் சில மாதங்கள் எந்தத் தொல்லையும் இராது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2013ஆம் ஆண்டு விதிப்படி, 90 நாட்கள் பயன்படுத்தப்படாத முன்கட்டண எண்ணை நிறுவனம் முடக்கலாம். முடக்கிய எண்ணை அடுத்த 90 நாட்களுக்குப் பிறருக்கு வழங்குவதில்லை என்று அவ்வாணையம் 2023இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அதன் பிறகு அந்த எண் வேறொருவர் கைக்குப் போகலாம். அப்போது குறியீடும் அவருக்கே போகும்.

இந்தக் கணக்கு வெளிநாட்டவருக்கு மட்டும் உரியதல்ல. வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போகும் தமிழர்களின் ஊர் எண்ணும் இப்படியே காலாவதியாகிறது. மேற்சொன்ன 2013 விதியில், முன்கட்டண எண்ணில் குறைந்தது 20 ரூபாய் இருப்பு இருந்தால் அதிலிருந்து கழித்துக்கொண்டு எண்ணைத் தக்கவைக்கும் ஏற்பாடும் இருக்கிறது. வெளியூர் போகும் பிள்ளையின் சிம்மை வீட்டில் ஒரு பழைய பட்டன் போனில் போட்டு, மாதம் ஒரு முறை அதிலிருந்து அழைத்துப் பார்க்கும் பெற்றோர், தெரிந்தோ தெரியாமலோ, அந்தப் பிள்ளையின் மின்னஞ்சலைக் காப்பாற்றுகிறார்கள்.

உள்ளூர் மாணவர்களுடைய நிலை இன்னொரு வகை. பொறியியல் கலந்தாய்வு, நீட், கல்வி உதவித்தொகை என எதற்கும் மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் கட்டாயம். வீட்டில் கணினி இல்லாத மாணவர் கடைசி நாளில் பிரௌசிங் சென்டருக்குப் போகிறார். அங்கேயே புதிய கணக்கு தொடங்கப்படுகிறது. கைப்பேசியைக் கொண்டுவராத மாணவருக்குக் கடைக்காரர் தம் எண்ணையே கொடுத்து வேலையை முடித்துத் தருவது உண்டு. அந்த நேரத்தில் அது பேருதவிதான். ஆனால் அந்தக் கணக்கின் சாவி அன்று முதல் கடைக்காரரிடம் இருக்கிறது. கலந்தாய்வின் விருப்பப் பட்டியலுக்குக் கொடுக்கப்படும் நாட்கள் மிகக் குறைவு. கணக்கு மீட்பு எடுத்துக்கொள்ளும் நாட்கள் அதைவிட அதிகமாகலாம்.

பௌர்ணமி இரவுகளிலும் கார்த்திகை தீபத்தன்றும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுவதும் கூட்டம் நிறைந்திருக்கும். கைப்பேசிக் கோபுரங்களின் நெரிசலில் குறுஞ்செய்தி தாமதமாக வந்தால், அதற்குள் குறியீட்டின் ஆயுள் முடிந்திருக்கும். திரும்பத் திரும்ப “மீண்டும் அனுப்பு” அழுத்துவதால் பயனில்லை. பழைய குறியீடுகள் வரிசை மாறி வந்து குழப்பம்தான் கூடும். அத்தகைய நேரத்தில் சிக்னல் தேவைப்படாத செயலியே உதவும்.

நிறுவனங்கள் உடனே திறந்துவிடாததன் காரணம்

கணக்கை இழந்தவர் கேட்கும் கேள்வி இயல்பானது: “என் பெயர், பிறந்த நாள், ஆதார், பாஸ்போர்ட் எல்லாம் இருக்கிறதே, ஏன் திறந்து தர மறுக்கிறார்கள்?” இலவச மின்னஞ்சல் கணக்கு தொடங்கியபோது யாரும் அடையாள அட்டை காட்டவில்லை. எனவே இப்போது காட்டும் அட்டையை எதனுடனும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. நிறுவனத்தின் முன் நிற்பது “நானே உரிமையாளர்” என்று சொல்லும் ஒரு முகமற்ற கோரிக்கை. அதையே திருடனும் அனுப்பலாம்.

மீட்பு வழி எளிதாக இருந்த காலத்தில் என்ன நடந்தது என்பதற்குச் சான்றுகள் உள்ளன. 2008 செப்டம்பரில் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளராக இருந்த சாரா பேலினின் யாஹூ கணக்குக்குள் ஒரு கல்லூரி மாணவர் நுழைந்தார். அதற்குக் கணினித் திறன் எதுவும் தேவைப்படவில்லை. பிறந்த நாள், அஞ்சல் குறியீடு, கணவரை எங்கே சந்தித்தார் என்பது போன்ற கேள்விகளுக்குப் பொதுவெளியில் கிடைத்த விடைகளைக் கொடுத்துக் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார். 2015இல் கூகுள் ஆய்வாளர்கள் இத்தகைய இரகசியக் கேள்விகளை ஆராய்ந்தனர். “பிடித்த உணவு எது?” என்ற கேள்விக்கு ஆங்கிலம் பேசும் பயனர்களின் விடையை ஒரே முயற்சியில் ஊகிக்க 19.7 விழுக்காடு வாய்ப்பு இருந்தது. மறுபுறம், அமெரிக்காவின் ஆங்கிலம் பேசும் பயனர்களில் 40 விழுக்காட்டினருக்குத் தேவைப்பட்டபோது சொந்த விடையே நினைவுக்கு வரவில்லை. திருடனுக்கு எளிது, உரியவருக்குக் கடினம் என்ற இந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. தமிழ்நாட்டில் தந்தை பெயர் முன்னெழுத்தாகப் பெயருடனேயே நடமாடுகிறது. பள்ளியின் பெயர் முகநூலில் கிடக்கிறது. இங்கு அந்தக் கேள்விகள் எவ்வளவு காப்பாற்றியிருக்கும் என்பதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை.

இருபடிச் சரிபார்ப்பு வந்த பிறகும் மீட்பு வழியே பின்கதவாக இருந்ததை 2012 ஜூனில் நடந்த நிகழ்ச்சி காட்டியது. கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் தலைவர் மேத்யூ பிரின்சின் நிறுவனக் கணக்கில் இருபடிச் சரிபார்ப்பு இயங்கிக்கொண்டிருந்தது. தாக்கியவர்கள் அவருடைய தொலைபேசியின் குரலஞ்சலைத் தங்கள் பக்கம் திருப்பி, அதன் வழியே அவருடைய சொந்த ஜிமெயிலின் மீட்புக் குறியீட்டைப் பெற்றனர். அந்த ஜிமெயில்தான் நிறுவனக் கணக்கின் மீட்பு முகவரி. மீட்பு நடைமுறையில் அப்போது இருந்த ஒரு குறையால், இரண்டாவது படி கேட்கப்படாமலேயே நிறுவனக் கணக்கின் கடவுச்சொல் மாற்றப்பட்டது. கூகுள் அந்தக் குறையைப் பின்னர் சரிசெய்தது. முன்வாசலில் இரண்டு பூட்டு இருந்தும் கொல்லைப்புறக் கதவு தாழிடப்படாத வீட்டின் கதைதான் இது.

இதனால்தான் இன்றைய மீட்பு நடைமுறை வேண்டுமென்றே மெதுவாக வைக்கப்பட்டிருக்கிறது. கோரிக்கை வந்தவுடன் கணக்கில் ஏற்கெனவே உள்ள சாதனங்களுக்கும் மீட்பு முகவரிக்கும் எண்ணுக்கும் எச்சரிக்கை போகிறது. கேட்டவர் திருடன் என்றால், அந்தக் காத்திருப்பு நாட்களில் உண்மையான உரிமையாளர் பார்த்து மறுத்துவிடலாம். யாரும் மறுக்காமல் நாட்கள் கடந்தால், கேட்டவர் உரிமையாளராக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. செங்கம் சாலையில் தேநீர்க் கடை மேசையில் அமர்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இந்தத் தாமதம் கொடுமையாகத் தெரியும். அதே தாமதம்தான் வேறொரு நாள் அவருடைய கணக்கைத் திருடனிடமிருந்து காத்திருக்கும்.

மீட்கும் வழிகள்

முதல் வேலை, எங்காவது கணக்கு இன்னும் திறந்த நிலையில் இருக்கிறதா என்று தேடுவது. வீட்டு மடிக்கணினி, பழைய டேப்லெட், யூடியூப் பார்க்கும் தொலைக்காட்சி, அலமாரியில் கிடக்கும் முந்தைய கைப்பேசி என ஒவ்வொன்றையும் நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும். முந்தைய கைப்பேசியை வைஃபையில் இணைத்தால் “நீங்கள்தானா?” என்ற அறிவிப்பு அதில் தோன்றக்கூடும். வீட்டு மடிக்கணினியில் “இந்தச் சாதனத்தில் மீண்டும் கேட்க வேண்டாம்” என்று முன்பே குறித்திருந்தால், கடவுச்சொல் மட்டுமே போதுமானதாக இருக்கலாம். அவர் இருப்பது திருவண்ணாமலை, மடிக்கணினி இருப்பது கோலாலம்பூர் என்றாலும், வீட்டில் உள்ள நம்பிக்கையான ஒருவர் அதைத் திறந்து புதிய காப்புக் குறியீடுகளை எடுத்துப் படித்துக்காட்ட முடியும். பதற்றத்தில் அந்தச் சாதனத்திலிருந்து வெளியேறிவிடுவதே இந்நேரத்தில் நிகழக்கூடிய மோசமான பிழை. மிஞ்சியிருந்த ஒரே திறந்த கதவும் அப்போது மூடிக்கொள்ளும்.

அப்படி எதுவும் இல்லையென்றால், குறியீடு கேட்கும் திரையிலேயே உள்ள “வேறு வழியில் முயல்க” என்ற தெரிவை அழுத்த வேண்டும். கணக்கில் முன்பு சேர்க்கப்பட்ட மற்ற வழிகள் அங்கே வரிசையாகத் தெரியும். எப்போதோ சேர்த்து மறந்துபோன அண்ணனின் எண் அங்கே கடைசி இரண்டு இலக்கத்துடன் தோன்றி வியப்பூட்டுவதும் உண்டு.

அடுத்தது எண்ணை மீட்பது. இந்திய எண் என்றால், தொலைத்தொடர்பு நிறுவனத்தின் அலுவலகக் கடையில் அடையாளச் சான்றைக் காட்டி அதே எண்ணுக்கு மாற்று சிம் பெறலாம். சிம் மாற்று மோசடியைத் தடுக்கும் விதிகளின்படி, மாற்று சிம் இயங்கத் தொடங்கிய முதல் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்திகள் தடுத்து வைக்கப்படும். சிம் போட்டவுடன் ஓடிபி வரவில்லை என்று மறுபடியும் கடைக்கு ஓட வேண்டியதில்லை. ஒரு நாள் பொறுக்க வேண்டும். வேறொருவர் பெயரில் வாங்கிய சிம் என்றால் அவரே நேரில் வர வேண்டியிருக்கும். மாமா பெயரில் சிம், மாமா துபாயில் என்ற நிலை தமிழ்நாட்டில் அரிதன்று. வெளிநாட்டு எண் என்றால் அந்நாட்டு நிறுவனத்திடம் கேட்க வேண்டும். மின்சிம் வழங்கும் நிறுவனமானால் அஞ்சலில் அட்டை வரக் காத்திருக்காமல் வேலை முடியலாம்.

இவை எல்லாம் கைவிட்ட பிறகே மீட்புப் படிவத்துக்குப் போக வேண்டும். கூகுளின் மீட்புப் பக்கத்தில் சில கேள்விகள் கேட்கப்படும்: நினைவில் உள்ள கடைசிக் கடவுச்சொல், மீட்பு முகவரி, மீட்பு எண். விடை உறுதியாகத் தெரியாவிட்டாலும் வெறுமனே விடாமல், மிக நெருக்கமான விடையை எழுதுவதே நல்லது. முந்தைய கடவுச்சொல்லும் கணக்கில் கொள்ளப்படும். எழுத்தின் அளவு, புள்ளி, எண் வரிசை ஆகியவை பொருந்த வேண்டும்.

விடைகளைப் போலவே எங்கிருந்து கேட்கிறார் என்பதும் எடைபோடப்படுகிறது. வழக்கமாகப் பயன்படுத்திய சாதனம், வழக்கமான உலாவி, வழக்கமான இடம் ஆகியவற்றிலிருந்து முயலுமாறு கூகுளே அறிவுறுத்துகிறது. இங்கே பயணிகள் அறியாமல் செய்யும் பிழை விபிஎன். சொந்த நாட்டுத் தொலைக்காட்சி பார்க்க அதை இயக்கி வைத்திருப்பவர் மீட்புப் படிவத்தையும் அதன் வழியே அனுப்பினால், நேற்று தமிழ்நாட்டில் தெரிந்தவர் இன்று நெதர்லாந்தில் தெரிவார். அதை அணைத்துவிட்டு, கடந்த சில வாரங்களாகப் பயன்படுத்திய அதே விடுதி இணைப்பிலிருந்து முயல்வது மேல். பிரௌசிங் சென்டரில் தொடங்கிய கணக்கு என்றால், அந்தக் கடையின் அதே கணினிக்குத் திரும்பிப் போவதும் பயன் தரலாம். கடைக்காரரின் எண்தான் கணக்கில் உள்ளது என்றால் அவரிடம் கேட்டு, அவர் முன்னிலையிலேயே குறியீட்டைப் பெற்று, உள்ளே நுழைந்தவுடன் எண்ணை மாற்றிவிடலாம். கலந்தாய்வுக் காலத்தில் இதுவே விரைவான வழி.

படிவத்தை அனுப்பிய பின் காத்திருக்க வேண்டும். இருபடிச் சரிபார்ப்பு உள்ள கணக்குகளுக்கு வழக்கமாக 3 முதல் 5 வேலை நாட்கள் ஆகும் என்று கூகுள் குறிப்பிடுகிறது. பதில் வருவதற்கு, கையில் இயங்கும் வேறொரு முகவரியைக் கொடுக்க வேண்டும். அதன் ஸ்பேம் பெட்டியையும் பார்க்க வேண்டும். பொறுமையிழந்து ஒரே நாளில் பத்து முறை முயன்றால் “அதிக முயற்சிகள்” என்ற தடை விழுந்து காலம் நீளும்.

கல்லூரியோ நிறுவனமோ வழங்கிய மின்னஞ்சல் என்றால் இந்த அலைச்சல் எதுவும் தேவையில்லை. அந்நிறுவனத்தின் கணக்கு நிர்வாகி சில நிமிடங்களில் காப்புக் குறியீடு எடுத்துத் தர முடியும். கூகுளுக்கு எழுதிக்கொண்டிருக்கும் மாணவர் கல்லூரியின் கணினிப் பிரிவுக்கு நடந்து போனால் போதும்.

மைக்ரோசாஃப்ட் கணக்குகளின் விதி கண்டிப்பானது. இருபடிச் சரிபார்ப்பு இயங்கும் கணக்கில் வழக்கமான மீட்புப் படிவம் உதவாது. பாதுகாப்பு விவரங்களை முழுவதும் மாற்றக் கோரினால் 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். முன்பே எடுத்து வைத்த 25 எழுத்து மீட்புக் குறியீடு இருந்தால் மட்டுமே விரைவு.

திருட்டால் பூட்டப்பட்ட கணக்கு

சில நேரம் கணக்கைப் பூட்டியது உரிமையாளரின் மறதியாக இராது. உள்ளே நுழைந்த திருடன் எண்ணை மாற்றித் தன் கைப்பேசியில் இருபடிச் சரிபார்ப்பை இயக்கியிருப்பான். இங்கு நேரம் முக்கியம். மீட்பு எண்ணோ முகவரியோ மாற்றப்பட்ட பின்னும் 7 நாட்கள் வரை பழைய எண்ணுக்கோ முகவரிக்கோ குறியீடு பெறும் வாய்ப்பை கூகுள் தரக்கூடும். “உங்கள் மீட்பு எண் மாற்றப்பட்டது” என்ற அறிவிப்பைப் பார்த்தும் ஒத்திப்போடுபவர் அந்த ஒரு வாரத்தை இழக்கிறார். திரும்ப நுழைந்ததும், அஞ்சல்களை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் அமைப்பு ஏதும் விட்டுவைக்கப்பட்டுள்ளதா என்று பார்ப்பது அவசியம். கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்த அமைப்பு தங்கிவிடும்.

பிறருடைய கடவுச்சொல்லையோ மின்னணு அடையாளத்தையோ மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் பெறத்தக்க குற்றம். பணமும் பறிபோயிருந்தால் 1930 என்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். மற்றவற்றைத் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியலாம்.

கணக்கை இழந்தவரைத் தேடி இரண்டாவது திருடனும் வருவான். இணையத்தில் “கூகுள் உதவி எண்” என்று தேடினால் கிடைக்கும் எண்களில் பல பொறி. கணக்கு மீட்புக்கோ கடவுச்சொல் உதவிக்கோ எந்த வெளிச் சேவையுடனும் தனக்குத் தொடர்பில்லை என்று கூகுள் தெளிவாகச் சொல்கிறது. தொலைவிலிருந்து திரையைப் பார்க்கும் செயலியை நிறுவச் சொல்பவர், குறியீட்டைப் படித்துக்காட்டக் கேட்பவர், முன்பணம் கேட்பவர் ஆகிய மூவரும் ஒரே தொழில் செய்பவர்கள்தான்.

பூட்டு விழுமுன் செய்யக்கூடியவை

2019இல் கூகுள் வெளியிட்ட ஆய்வின்படி, மீட்பு எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் எளிய முறையே தானியங்கித் தாக்குதல்கள் அனைத்தையும், மொத்தமாக வீசப்படும் ஏமாற்று அஞ்சல் தாக்குதல்களில் 96 விழுக்காட்டையும், ஒருவரையே குறிவைக்கும் தாக்குதல்களில் 76 விழுக்காட்டையும் தடுத்தது. எனவே பூட்டிக்கொள்ளும் அச்சத்தில் இருபடிச் சரிபார்ப்பையே நீக்கிவிடுவது தவறான முடிவு. குறை அந்த முறையில் இல்லை. ஒரே ஒரு வழியை மட்டும் வைத்திருப்பதில் உள்ளது.

பத்து நிமிடத்தில் முடியும் ஏற்பாடு இது: காப்புக் குறியீடுகளை அச்சிட்டு, மதிப்பெண் சான்றிதழும் குடும்ப அட்டையும் இருக்கும் கோப்பில் ஒரு படி, பயணப் பையில் பாஸ்போர்ட்டுடன் ஒரு படி. கைப்பேசிப் படத்தொகுப்பில் மட்டும் சேமித்தால் கைப்பேசியுடன் அதுவும் போகும். புதிய தொகுப்பு எடுத்தால் பழையது செல்லாது என்பதால், பழைய தாளைக் கிழித்துவிட வேண்டும். கணக்கில் இரண்டாவது எண்ணாக, அடிக்கடி மாறாத எண் கொண்ட வீட்டார் ஒருவரைச் சேர்க்கலாம். புதிய கைப்பேசி வாங்கியவர், குறியீட்டுச் செயலியைப் புதியதற்கு மாற்றிச் சோதித்த பிறகே பழையதை அழிக்கவோ விற்கவோ வேண்டும். கூகுள் அத்தென்டிகேட்டர் 2023 ஏப்ரல் முதல் தன் விவரங்களைக் கூகுள் கணக்கில் சேமிக்கிறது. ஆனால் பூட்டப்பட்டது அதே கூகுள் கணக்கு என்றால் அந்தச் சேமிப்பு பெட்டிக்குள் வைத்த பெட்டிச் சாவிதான்.

பயணத்துக்கு வருபவருக்கு இன்னொன்றும் உதவும். புறப்படுமுன் ஊரிலேயே ஒரு முறை, சிம் இல்லாத சாதனத்தில் கணக்கைத் திறந்து பார்க்கலாம். திறக்கவில்லை என்றால், அதைச் சரிசெய்ய அங்கே நேரமும் இருக்கும், சிம்மும் இருக்கும்.

மீட்க முடியாத கணக்கு

எல்லா வழியும் முயன்று முடிந்த பின்னும் சில கணக்குகள் திறப்பதில்லை.  அந்நிலையில் உடனே புதிய கணக்கு தொடங்கி, பழைய முகவரி பதிந்துள்ள இடங்களை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். வங்கி, ஆதார், வருமான வரி ஆகியவற்றில் அடையாளச் சான்றைக் கொண்டு மின்னஞ்சலை மாற்றலாம். கலந்தாய்வு போன்றவற்றில், கடைசித் தேதிக்கு முன்பே உதவி மையத்தில் நேரில் எழுதிக்கொடுக்க வேண்டும். மின்னஞ்சல் கைக்கு வரும் என்று காத்திருந்து தேதியைத் தவறவிட்டால், கணக்கு பின்னர் கிடைத்தும் பயனில்லை.

பூட்டிய கணக்கில் உள்ள புகைப்படங்களுக்கும் ஒரு கெடு உண்டு. 2 ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை கூகுள் 2023 டிசம்பர் முதல் நீக்கத் தொடங்கியது. ஆகவே ஒரு முறை முயன்று தோற்றவர், அதற்குள் பழைய கைப்பேசியோ பழைய டைரியோ கிடைத்தால் மீண்டும் முயலலாம். பரணில் கிடக்கும் கைப்பேசியைச் சார்ஜரில் போட்டு, வைஃபையில் இணைத்துப் பார்ப்பது அந்தத் தேடலின் முதல் படியாகும்.